தனபால் தட்டாமல் ஏறிய கதை

மரம் ஏறி வெட்டும் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாளே உங்களுக்கு ஒரு கதை சொல்லியிருப்பார்கள். தனபால் என்று ஒருவன் இருந்தான், நல்ல ஏற்றக்காரன், ஒரு நாள் மரத்தைத் தட்டிப் பார்க்காமல் ஏறினான், மரத்தோடு சேர்ந்து விழுந்தான், இன்று தடி இல்லாமல் நடக்க முடியாது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் உங்கள் கையில் சுத்தியலைக் கொடுத்திருப்பார்கள்.

அதில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. சாலையோரங்களில் நிழலுக்கு நிற்கும் அங்சானா மரத்தைத் தட்டிப் பார்த்துப் பயனில்லை என்று தனபாலுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அது பொய் என்று தெரிந்தே சொல்லிக்கொடுத்தேன். அவன் விழுந்த பிறகு, எல்லா அங்சானாவுக்கும் அப்படிச் சொல்லவில்லை என்று சாதித்தேன்.

நான் மரத்தில் ஏறத் தொடங்கியது ஐம்பதை நெருங்கும் வயதில். அதற்கு முன் ஈப்போவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இழப்பீட்டு வழக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அலுவலகம் வேறொன்றோடு இணைந்தபோது என் நாற்காலி தேவையில்லாமல் போனது. வீட்டில் சும்மா இருந்த நாட்களில் எதிர்ச் சாலையின் தூங்குமூஞ்சி மரத்தைக் குறைக்க ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கயிற்றில் தொங்கியபடி ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு, தண்ணீரில் நகர்வதைப் போல, ஓசையில்லாமல் நகர்ந்தார். அடுத்த வாரம் மெங்லம்புவில் இருந்த அவர்களுடைய பட்டறைக்குப் போய் நின்றேன்.

பட்டறையின் முதலாளி ஒரு பெண்மணி. கணவர் இறந்த பிறகு தொழிலைத் தனியாக நடத்தியவர். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் அவர் அக்கா.

"சார், உங்க வயசுக்கு ஆபீஸ்ல கணக்கு பாக்குற வேலைன்னா இருக்கு" என்றார்.

"மேலே ஏறுற வேலைதான் வேணும்."

"விழுந்தா? இன்சூரன்ஸ் இருக்கா?"

"அதிலதாம்மா இவ்வளவு நாள் இருந்தேன்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு வேலை கிடைத்தது. என் மனைவி சிரிக்கவில்லை. "குரங்குகூட வயசானா கீழ்க்கிளைக்கு இறங்கும், நீங்க இப்பத்தான் மேல போறீங்க" என்றாள். ஒரு கல்யாண வீட்டில் என் மாமா எல்லோர் காதிலும் விழும்படி, "கிராணி மகன் மரமேறி ஆயிட்டான்" என்றார். என் அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். மாமா அதை வசையாகத்தான் சொன்னார். எனக்கு அது வைராக்கியமாகிவிட்டது.

அதே வாரம் சேர்ந்தவன்தான் தனபால். பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவரின் மகன். செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். என்னைவிடச் சில வயது இளையவன். இருவரும் ஒன்றாகவே கயிறு பிடிக்கக் கற்றோம். முதல் நாளே என்னை 'சார்' என்றான்.

"அண்ணேன்னு கூப்பிடு தனா. நீயும் நானும் ஒரே நாள்ல சேர்ந்தவங்க."

"வேணாம் சார். கிராணி மவன அண்ணேன்னு கூப்பிட்டேன்னு தெரிஞ்சா எங்கப்பா குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்துருவாரு லா."

சிரித்தோம். ஆனால் அதை விளையாட்டாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி சொன்னதுதான் எடை. சீவியவருக்குத் தன் வாளியின் கனம் கையில் தெரியும். ஆனாலும் கிராணியின் வாயைத்தான் பார்ப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் என்ற தொழிலாளர் வரிசைவீடுகள் இடிக்கப்பட்டு, வீடமைப்புத் திட்டங்கள் வந்த பிறகும் அந்தப் பார்வை சில பிள்ளைகளின் கண்ணில் மிச்சமிருந்தது. தனபாலின் கண்ணில் அது இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா எங்களுக்கு இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். ஒன்று, ஏறுகிறவன் முதலில் மரத்தைச் சுற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கையைத் தண்டில் வைத்து, மறு கையால் ரப்பர்த் தலை வைத்த சுத்தியலால் வேரடியிலிருந்து தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல மரம் அடியை அப்படியே திருப்பித் தரும். உள்ளே பொந்து விழுந்த மரம் அடியை விழுங்கிக்கொண்டு வேறொரு ஒலியைத் தரும். இரண்டாவது சட்டம் இதைவிட முக்கியம். "ஏறுறவன் வேணாம்னா வேணாம். ஏன்னு கேக்கக் கூடாது. கேக்கிறவன் அவனே போயி ஏறட்டும்." எந்த மரத்தடியிலும், எந்த நேரத்திலும் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இருந்தது. நான் அதை ஒரு முறைகூடப் பயன்படுத்தியதில்லை.

ஏன் பயன்படுத்தவில்லை என்பதற்கு கோப்பெங்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு பழத்தோட்டத்தில் உயரமான டுரியான் மரம். காய்ந்த உச்சியை எடுக்க ஏறினேன். பாதிக்கு மேல் போய் ஒரு கவட்டில் கால் வைத்தபோது, முகத்துக்கு நேரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு தெபுவான் கூடு. ஆளைக் கொல்லும் குளவி அது. சாம்பல் நிறத்தில், பெரிய பானை அளவில், இலைகளுக்குப் பின்னால் இருந்தது. அதன் வாயில் காவல் நின்ற குளவிகள் என்னைப் பார்த்துத் திரும்பின. அவை திரும்பியதை நான் பார்த்தேன்.

என் உடம்பு நின்றுபோனது. கயிற்றைத் தளர்த்த வேண்டும் என்று மூளை சொன்னது, விரல்கள் கேட்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு குளவி என் கன்னத்தில் வந்து உட்கார்ந்து, காது வரை நடந்து, திரும்பி நடந்து, பறந்துபோனது. என் கால்சட்டை நனைந்ததை நான் உணர்ந்தேன். நல்லவேளை, வியர்வையில் உடம்பே நனைந்திருந்தது. வெயில் இறங்கி, குளவிகள் கூட்டுக்குள் அடங்கிய பிறகுதான் விரல்களுக்கு உயிர் வந்தது.

கீழே இறங்கியதும் தனபால் என் தோளைக் கட்டிக்கொண்டான். "யம்மாடி! நானா இருந்தா கத்திக் குதிச்சிருப்பேன். கல்லு மாதிரில்ல நின்னீங்க சார்!"

அக்கா பட்டறையில் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: "தெபுவான் முன்னாடி எப்படி நிக்கணும்னு சார்கிட்ட கேட்டுக்கங்க. ஆடக் கூடாது, அசையக் கூடாது, பொறுமையா காத்திருக்கணும். அதான் படிச்சவங்க மூளை."

நான் காத்திருக்கவில்லை. நான் உறைந்துபோயிருந்தேன். இந்த வித்தியாசத்தை அன்றே சொல்லியிருந்தால் ஒரு நாள் கேலியோடு போயிருக்கும். நான் தலையைக் குனிந்து புன்னகைத்தேன். அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் பயத்தோடுதான் விடிந்தது. கட்டிய முடிச்சை மறுபடி மறுபடி பார்ப்பேன். அதற்கும் கவனம் என்று பெயர் கிடைத்தது. மேலே போனால் இலைகளுக்குப் பின்னால் சாம்பல் நிறமாக எது தெரிந்தாலும் கை வழுக்கும். தரையில் நின்று மேலே பார்க்கும் ஒருவனுக்கு ஏறுகிறவனின் முகம் தெரியாது என்பது இந்தத் தொழிலின் வசதி. என்னைப் போன்றவர்களுக்கு அதுவே ஆபத்து.

பீடோருக்கு அருகே, பழைய தோட்டம் ஒன்று இருந்த இடத்தில், மக்கள் மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் மைதான ஓரத்தில் வரிசையாக அங்சானா மரங்கள். அவற்றில் ஒன்றின் கிளை மண்டபக் கூரைமேல் சாய்ந்திருந்தது. கிளையை மட்டும் எடுக்க வேண்டும். மரம் நிற்க வேண்டும். அன்றைய ஏற்றம் என்னுடையது.

நான் சுத்தியலோடு மரத்தைச் சுற்றினேன். டொக், டொக் என்று இறுக்கமாக, சுத்தமாக, அடி திரும்பி வந்தது. பேராக் மாநிலம் முழுவதும் தேடினாலும் அதைவிட ஆரோக்கியமான அங்சானா கிடைக்காது. பிறகு மேலே பார்த்தேன். காற்று வீசியது. இலைகள் விலகிய ஓர் இடைவெளியில் சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று தெரிந்து மறைந்தது. குளவிக்கூடா, பட்டையா, பழைய பறவைக்கூடா, எனக்கு இன்றுவரை தெரியாது. என்னால் ஏற முடியாது என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

'இன்று வேண்டாம்' என்ற சொல் போதும். யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கல்லைப் போல நின்றவன் எப்படி அதைச் சொல்வது?

"உள்ளே பொந்து, தனா. ஏற முடியாது" என்றேன்.

தனபால் சுத்தியலை வாங்கி ஒரு சுற்று தட்டினான். காதைத் தண்டில் வைத்து மறுபடியும் தட்டினான். "நல்லாத்தானே கேக்குது சார்."

"இல்லை."

"இரும்புக் கட்ட மாதிரி கெட்டியா கேக்குது. வேணும்னா நான் ஏறட்டுமா?"

அவன் ஏறி, கிளையை வெட்டி, பத்திரமாக இறங்கிவிட்டால் என் பொய் அந்த மைதானத்தில் நிர்வாணமாக நிற்கும். அவனை ஏறவிடக் கூடாது. காப்புறுதி அலுவலகத்தில் இத்தனை காலம் வேலை பார்த்தவனுக்கு வார்த்தைகள் தாமாக வந்தன. அங்சானாவின் உட்சிதைவு ஈரச்சிதைவு என்றேன். நீர் கோர்த்த சதை ஒலியை இறுக்கிக் காட்டும் என்றேன். மற்ற மரங்களுக்குத் தட்டுவது சரி, அங்சானாவில் காது ஏமாற்றும், நன்றாகக் கேட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றேன். ஒரு சொல்லும் உண்மையில்லை. இடையிடையே ஆங்கிலத்தையும் கலந்துகொண்டேன்.

தனபால் என் வாயைப் பார்த்தான். தன் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தான். "இது எனக்குத் தெரியாமப் போச்சே சார்" என்றான்.

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சார் சொன்னா சரிதான். மொத்தமா சாய்ச்சிருங்க" என்றார். மண்டபத்துக்காரர்கள் கிளையைத்தானே வெட்டச் சொன்னோம் என்று முணுமுணுத்தார்கள். அவர்களுக்கும் ஆங்கிலம் கலந்து விளக்கினேன்.

தனபாலை எல்லோருக்கும் சாப்பாடு வாங்கி வரும்படி பீடோர் டவுனுக்கு அனுப்பினேன். அவன் இருக்கும்போது மரத்தைச் சாய்க்க எனக்குத் துணிவில்லை. அவன் போனதும், மண்வாரி இயந்திரம் ஓட்ட வந்தவரின் உதவியோடு, நானே அடியை அறுத்தேன். உள்ளே பொன்னிறம். ஒரு புள்ளி கறையில்லை. அங்சானாவை வெட்டினால் சிவப்பாகப் பால் கசியும், தெரியுமல்லவா? அடிக்கட்டை முழுவதும் அது கசிந்து நின்றது. நான் மண்வாரிக்காரரை அழைத்து மேலே மண்ணைத் தள்ளச் சொன்னேன்.

தனபால் பொட்டலங்களோடு வந்து இறங்கினான். "எங்க சார் பொந்து? பாக்கலாம்னு ஓடி வாரேன்."

"காளான் பிடிச்சிருந்தது. மற்ற மரத்துக்குப் பரவும்னு மூடிட்டேன்."

"ஆமாலா, அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு எனக்கு முதலில் சாப்பாட்டைப் பிரித்துக் கொடுத்தான். நான் சாப்பிட்டேன். பயம் போன பசி.

அடுத்து தைப்பிங். மழை ஓய்ந்து வெயில் வராத ஒரு காலை. ஒரு பழைய பங்களாவின் வாசலில் தனி அங்சானா. பச்சைப் பசேலென்ற தலை. ஏற்றம் தனபாலுடையது. கீழே கயிற்றுக்கு நான்.

அவன் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு லோரியிலிருந்து சுத்தியலை எடுத்தான். எடுத்தவன் சிரித்தான். "இதத் தட்டி என்னா சார் புண்ணியம்? அங்சானா காத ஏமாத்தும்னு நீங்கதானே சொன்னீங்க." சுத்தியலை மறுபடியும் லோரி இருக்கையில் போட்டுவிட்டு, தண்டைச் சுற்றி வந்து வேரையும் பட்டையையும் கண்ணால் பார்த்தான். "காளான் ஒண்ணும் இல்ல. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஏறுறேன்."

இளையவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. லோரிக் கதவைத் திறந்து, சுத்தியலை எடுத்து, நானே அந்த மரத்தைத் தட்டியிருக்க வேண்டும். எதற்கு சார் என்று அவன் கேட்டிருப்பான். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். மரம் பச்சையாக இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கயிற்றைப் பிடித்தேன்.

அவன் ஏறினான். பாடிக்கொண்டே ஏறுவது அவன் வழக்கம். பாட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. நான் தண்டில் கை வைத்திருந்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே, மரத்துக்குள், ஏதோ ஒன்று முறுக்கிக்கொள்வது போல உணர்ந்தேன். "தனா, இறங்கு!" என்று கத்தினேன். என்ன சார் என்று அவன் எட்டிப் பார்த்தான். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தண்டு பிளந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஈரத்துணியைக் கிழிப்பது போன்ற ஒலி. மழைநீரைச் சுமந்த அந்தத் தலை முழுவதும், அவனையும் தூக்கிக்கொண்டு, பங்களாவின் கார்க் கொட்டகைமேல் சாய்ந்தது. கொட்டகைதான் அவன் உயிரைக் காப்பாற்றியது. இடுப்பையும் ஒரு காலையும் காப்பாற்றவில்லை.

அவனை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிய பிறகு, லோரியிலிருந்து சுத்தியலை எடுத்துப்போய், நின்றிருந்த மொட்டைத் தண்டை ஒரு முறை தட்டினேன். டொம் என்றது. மேளத்தைப் போல. காது கேளாதவன்கூடக் கையால் கண்டுபிடித்திருப்பான்.

மருத்துவமனை நடைபாதையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தட்டினானா சார்?"

"இல்லை."

அது உண்மை. என் வாழ்நாளில் நான் சொன்ன மிகக் கேவலமான உண்மை.

தனபாலுக்கு நினைவு திரும்பியதும் அக்கா அவனிடமே கேட்டார். அங்சானாவைத் தட்டிப் பயனில்லை என்று சார் சொன்னார் என்றான். அக்கா என் பக்கம் திரும்பினார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி சரோஜா நின்றிருந்தாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"பீடோரில் இருந்த அந்த ஒரு மரத்தைப் பற்றித்தான் சொன்னேன். எல்லா அங்சானாவுக்கும் சொல்லவில்லை" என்றேன்.

"அப்படியா சார்? நாந்தான் வெளங்கிக்காமப் போயிட்டேன் போலருக்கு. படிப்பு இருந்தாத்தானே" என்றான் தனபால். அவன் கோபப்பட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசினான்.

முழங்கால் வலி என்று சொல்லி நான் ஏறுவதை நிறுத்தினேன். பல ஆண்டுகள் பட்டறையில் கயிறுகளைச் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அந்தக் காலம் முழுவதும், புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் அக்கா தனபாலின் கதையைச் சொல்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். சில நேரம் அவர், "கேளுங்க சாரை, இவரு கண்ணால பாத்தவரு" என்பார். நான் தலையாட்டுவேன்.

அண்மையில் ஏதோ வேலையாகப் பட்டறைக்குப் போயிருந்தேன். அக்கா அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்களில் ஒருவர்தான், யாரென்று சொல்ல மாட்டேன், பக்கத்தில் இருந்தவரிடம், "ஆள் சரியான மடையன் போல லா" என்று சொல்லிச் சிரித்தார். அவர்மேல் தவறில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது அப்படி. ஆனால் அந்தச் சிரிப்பு என்னோடு வீடு வரை வந்தது. தனபாலிடம் எஞ்சியிருப்பது அவன் பெயர் ஒன்றுதான். நான் செத்த பிறகும் அந்தப் பெயரை வைத்து நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

மறுநாள் காலை புந்தோங்கில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். சரோஜா கூடத்தில் முறுக்குகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் இப்போது அவர்களுடைய பிழைப்பு. தனபால் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான்.

"சார்! வாங்க வாங்க. சரோ, சாருக்குத் தேத்தண்ணி போடு."

"உட்கார் தனா. தேநீர் வேண்டாம்."

எல்லாவற்றையும் சொன்னேன். தெபுவான் கூட்டின் முன்னால் உறைந்தது, பீடோரில் பயந்தது, பொய் சொன்னது, சாப்பாட்டுக்கு அவனை அனுப்பிவிட்டு மரத்தை அறுத்தது, பொன்னிறமான அந்த அடிக்கட்டை, மருத்துவமனை. முடித்த பிறகு தலையை ஆட்டினான்.

"சார், வயசாச்சு. உடம்புக்கு ஏதாச்சும் சரியில்லையா?"

"இல்லை தனா."

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இதெல்லாம் சொல்றீங்க. எனக்குப் புரியுது. வேணாம் சார். என் தப்ப நீங்க ஏன் தூக்கிச் சுமக்கணும்?"

"நான் சொல்றது உண்மை!"

"நீங்களாவது, பயப்படுறதாவது. தெபுவானையே மொறைச்சவரு."

சரோஜா கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். "பொய் சொல்றவன் மூஞ்சி இப்படி இருக்காதுங்க" என்று அவனிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவரு தெனமும் பொலம்புவாரு, தெரியுமா? நான் ஒரு முட்டாளு, சார் சொன்னத வெளங்கிக்கத் தெரியாத முட்டாளுன்னு. கால் போனதுக்கு இவரு அழுது நான் பாத்ததில்ல. அதுக்குத்தான் அழுவாரு. எத்தன தீவாளிக்கு இந்த வீட்டுக்கு வந்து உக்காந்து பலகாரம் தின்னுருக்கீங்க நீங்க? எந்திரிங்க. வெளிய போங்க."

நான் எழுந்து வெளியே வந்தேன். அவள் நம்பினாள், அதனால் மன்னிக்கவில்லை. அவன் நம்பவில்லை, அதனால் மன்னிக்க ஒன்றுமில்லை என்கிறான்.

பட்டறைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். "இனிமே அந்தக் கதைய நான் சொல்ல மாட்டேன் சார். நீங்க எழுதிக் குடுங்க, உங்க வாயாலயே அவங்களுக்குத் தெரியட்டும்" என்றார். என்னை வெளியே போ என்று சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் என்னை அவர் பார்க்கும் பார்வை வேறு. இந்தப் பக்கங்கள் உங்கள் கைக்கு வந்தது அப்படித்தான்.

சில வாரங்கள் கழித்துத் தனபால் தொலைபேசியில் அழைத்தான். "சார், சரோ சொல்லிக்கிட்டே இருக்கா. எனக்கும் தூக்கம் வர மாட்டேங்குது. பீடோருக்குப் போலாமா? அந்த அடிக்கட்டைய ஒரு தடவ பாத்துட்டா முடிஞ்சிரும்ல."

போனோம். மைதானத்தில் மண்டபம் அப்படியே இருந்தது. மரவரிசையில் ஒரு பல் விழுந்த இடைவெளி. மண்மேடு அமிழ்ந்து, புல் மூடியிருந்தது. நான் மண்டியிட்டுக் கையால் புல்லைப் பிடுங்கினேன், மண்ணைத் தோண்டினேன். என் விரல்கள் அடிக்கட்டையைத் தொட்டபோது உள்ளே போயின. கறுத்து, ஊறி, கரையான் அரித்து, ரொட்டியைப் போல உதிர்ந்தது. இத்தனை ஆண்டு மழை சும்மா விடுமா? இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

தனபால் தன் தடியை ஊன்றினான். அது முழங்கை அளவுக்கு இறங்கியது.

"பொந்துதானே சார்" என்றான்.

"அன்றைக்கு இப்படி இல்லை தனா. சத்தியமாக இல்லை."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்." அவன் குரலில் கோபமில்லை. "இனிமே எனக்கு எப்படி சார் தெரியும்?"

நான் காருக்கு ஓடிப்போய் சுத்தியலை எடுத்துவந்தேன். அதைக் கொண்டுவந்திருந்தேன், ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. பக்கத்தில் நின்ற அங்சானாவைக் காட்டினேன். அதே வயது, அதே மண், அதே வரிசை. "இதைத் தட்டிப் பார். உன் காதாலேயே கேள். நீ அன்றைக்குக் கேட்டது சரி என்று உனக்கே தெரியும்."

அவன் மரத்தின் அருகே போனான். உள்ளங்கையைத் தண்டில் வைத்தான். அந்த நிலை எனக்குத் தெரியும். தலையை லேசாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வான். நான் சுத்தியலை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. தண்டில் இருந்த கையைக் கீழே எடுத்துவிட்டான்.

"வேணாம் சார். எனக்குப் பயமா இருக்கு" என்றான். "என்ன சத்தம் வந்தாலும் எனக்கு உங்க கொரலுதான் கேக்கும்."

தடியை ஊன்றிக்கொண்டு காரை நோக்கி நடந்தான். சுத்தியலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் அவன் பின்னால் நடந்தேன்.